பத்தாவது சங்கிலி



சில வாரங்களுக்கு முன், பாடசாலை விட்டு வீடு திரும்பும் வழியில் மாணவன் ஒருவன் என்னை நிறுத்திக் கைத்தொலைபேசியில் ஒரு காட்சியைக் காண்பித்தான். இத்தாலி நாட்டு டொலமைட் மலைகளில் எடுத்த காட்சி அது. செங்குத்தான பாறையிலே இரும்புக் கம்பி வடம் ஒன்று நீண்டு செல்கிறது. இடையிடையே இரும்பு முளைகளும் ஏணிகளும் உள்ளன. வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, ஐந்தாறு பேர் பின்னே ஏறுகிறார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் வார்க்கச்சை. அதிலிருந்து இரண்டு கயிறுகள், கயிற்று நுனிகளில் இரண்டு கொளுவிகள். வடத்தைப் பாறையோடு பிணைத்த முளை வரும்போது ஒரு கொளுவியைக் கழற்றி அப்பால் மாட்டுகிறார்கள். அது மாட்டிய பின்னரே மற்றதைக் கழற்றுகிறார்கள்.

"இதற்கு வியா பெராட்டா என்று பெயர், சேர். இரும்புப் பாதை என்று அர்த்தமாம். எங்கள் நாட்டில் இப்படி ஒன்றும் இருந்ததில்லையே" என்றான் மாணவன்.

மழை விட்டிருந்த மாலை அது. வடகிழக்கே முகில் விலகி மலை தெரிந்தது. நான் பதில் சொல்லாமல் அதைச் சுட்டிக் காட்டினேன். அவன் சிரித்தான். தோட்டத்து லயத்திலே பிறந்த பிள்ளைக்குச் சிவனொளிபாத மலையை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஆனால் அந்த மலைக்கும் கைத்தொலைபேசியில் தெரிந்த காட்சிக்கும் உறவு உண்டென்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று அவனுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஐரோப்பிய இரும்புப் பாதையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1843ஆம் ஆண்டு அவுஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலையில் பிரீட்ரிக் சிமோனி என்ற அறிஞர் ஏறுவோருக்கு உதவியாக இரும்பு முளைகளையும் கயிறுகளையும் பொருத்துவித்தார். அவ்வகைப் பாதைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அதைக் கூறுவர். பின்னர் முதலாம் உலகப் போர் வந்தது. 1915 முதல் 1917 வரை இத்தாலியப் படையும் அவுஸ்திரிய-ஹங்கேரியப் படையும் டொலமைட் சிகரங்களிலே எதிரெதிரே நின்று பொருதன. படைவீரரையும் தளபாடங்களையும் மேலேற்றுவதற்காகப் பாறைகளில் ஏணிகளும் வடங்களும் அறையப்பட்டன. போர் முடிந்ததும் மலையேறும் சங்கங்கள் அவற்றுட் பலவற்றைச் செப்பனிட்டன. இன்று உல்லாசப் பயணிகள் வழிகாட்டியின் துணையோடு பாதுகாப்பாக ஏறி மகிழ்கிறார்கள். மனிதரைக் கொல்வதற்கென்று போட்ட பாதை மனிதரை மகிழ்விக்கும் பாதையாக மாறியது நல்ல மாற்றந்தான்.

இனி நமது மலைக்கு வருவோம். இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையிலே 2243 மீற்றர் உயர்ந்து நிற்கிறது சிவனொளிபாத மலை. பௌத்தருக்கு அது சிறீபாத, இஸ்லாமியருக்குப் பாவா ஆதம் மலை, கத்தோலிக்கருட் பலருக்குப் புனித தோமையாரின் அடிச்சுவடு பதிந்த இடம். டாக்ஸ்டைன் மலையில் இரும்பு ஏறுவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்த மலையில் இரும்பு ஏறியிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஏறமுடியாத அளவுக்குச் செங்குத்தான இந்த மலையிலே பெரிய இரும்புச் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டுள்ளன என்றும், அவற்றைப் பற்றிக்கொண்டே மக்கள் மேலே செல்கிறார்கள் என்றும் குறிப்பிட்டார்.

அவரைக் காட்டிலும் விரிவாகச் சொன்னவர் மொரோக்கோ தேசத்து யாத்திரிகரான இப்னு பதூதா. மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட அவரது மரக்கலத்தைக் காற்று திசைமாற்றி 1344ஆம் ஆண்டு இலங்கையின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தது. அங்கே புத்தளத்தில் தங்கியிருந்த ஆரியச்சக்கரவர்த்தியை அவர் சந்தித்தார். யாழ்ப்பாணத்து அரசனான அவன் பாரசீக மொழி அறிந்தவன். முத்துக்களைக் காட்டி உபசரித்து, வேண்டியதைக் கேள் என்றான். இப்னு பதூதா முத்துக் கேட்கவில்லை. ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பதொன்றே தமது விருப்பம் என்றார்.

அரசன் என்ன செய்தான் தெரியுமா? ஏறிச் செல்லப் பல்லக்குக் கொடுத்தான். ஆண்டுதோறும் அந்தப் பாதத்துக்கு யாத்திரை போய்வரும் யோகிகள் நால்வரை வழித்துணையாக்கினான். மூன்று பிராமணர், தன் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரையும் கூட அனுப்பினான். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரைச் சைவ யோகிகள் வழிநடத்திச் செல்ல, பௌத்தர் போற்றும் மலையை நோக்கி அந்தக் கூட்டம் நடந்தது. வழிகாட்டியோடு இரும்புப் பாதை ஏறும் பயணத்துக்கு இதைவிடப் பழைய விவரமான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அட்டைக்கடியைக்கூட அவர் விடவில்லை. நீர் ஓரத்து மரங்களிலும் புற்களிலும் இருந்து மனிதர்மேல் பாயும் அட்டையைப் பற்றியும், அதன்மீது எலுமிச்சம் புளி பிழிந்து விழுத்துவதைப் பற்றியும் எழுதினார். நம் தோட்டத்துப் பெண்களுக்கு இது புதுச் செய்தியல்ல. மலைக்கு இரண்டு பாதைகள் உண்டென்றார். ஒன்று பாவா பாதை, மற்றது மாமா பாதை. ஒன்று ஆதமுக்கும் ஒன்று ஏவாளுக்கும் உரியவை. மாமா பாதை இலகுவானது. அதன் வழியாக இறங்கலாம். அதன் வழியாகவே ஏறியவனை யாத்திரை செய்தவனாக மக்கள் கணக்கில் எடுப்பதில்லை. பாவா பாதைதான் கடினமானது.

அந்தப் பாவா பாதையிலே முன்னோர் பாறையைச் செதுக்கிப் படி அமைத்து, இரும்பு முளைகளை அடித்து, அவற்றிலே சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலிகள். அடிவாரத்து வாயிலிலே இரண்டு. அவற்றைத் தொடர்ந்து ஏழு. பத்தாவதற்கு மட்டும் தனிப்பெயர் இருந்தது. அது கலிமாச் சங்கிலி. அந்த இடத்தை அடைந்து கீழே குனிந்து பார்ப்பவன், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் தன்னை அறியாமலே கலிமாவை ஓதிவிடுவான். அதனால் அந்தப் பெயர்.

சங்கிலிகளைப் போட்டது யார்? மாவீரன் அலெக்சாந்தரே போட்டான் என்று பதினைந்தாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் அஷ்ரப் பாடினார். அலெக்சாந்தர் பியாஸ் நதிக்கரையோடு திரும்பியவன். இலங்கைக்கு வந்தவனல்லன். பெரிய காரியம் ஒன்றைக் கண்டால் பெரிய பெயர் ஒன்றை அதற்குச் சூட்டிவிடுவது மனித இயல்பு. இப்னு பதூதாவோ 'முன்னோர்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அதுவே நேர்மையான விடை.

பாதையைப் பேணிய அரசர் சிலரின் பெயர்கள் நமக்குத் தெரியும். 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விசயபாகு, மலைக்குப் போவோர் வழியிலே படும் துன்பத்தைக் கண்டு, அவர்களுக்கு உணவளிப்பதற்காக இரத்தினபுரியை அடுத்த கிலிமலைக் கிராமத்தை மானியமாக விட்டான் என்று சூளவம்சம் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராசன் வழியிலுள்ள ஆறுகளுக்குப் பாலங்கள் கட்டினான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சைவத்தைத் தழுவிய சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளின் பொறுப்பில் விட்டான். பதினெட்டாம் நூற்றாண்டிலே கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் அதனை மீண்டும் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தான். மலையின் பொறுப்பு கைமாறியது. ஆனால் யார் பொறுப்பில் இருந்தபோதும் யாத்திரிகர் வருகை நின்றதில்லை.

நேயர்களே, அரசர் கதை இவ்வளவு. இனிச் சொல்லப்போவது ஏட்டில் இல்லாதது.

சிங்கள மக்கள் கூட்டமாக மலைக்குப் போகும்போது பலமுறை ஏறிய மூத்தவர் ஒருவரைத் தலைவராகக் கொள்வர். அவரை 'நடே குரா' என்பர். முதன்முறை ஏறுபவனைக் 'கோடுகாரயா' என்பர். நடே குரா சொல்வதே சட்டம். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது. களைப்பு என்று சொல்லக்கூடாது. எதிரே இறங்கி வருவோரைக் கண்டால் 'கருணாவாய்' என்று வாழ்த்தவேண்டும். எங்கள் தோட்டத்துக் கூட்டத்துக்கு இந்தப் பொறுப்பு என் தாத்தாவிடம் இருந்தது. பக்கத்துக் கிராமத்தாரும் அவரை நடே குரா என்றே அழைத்தார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பலாபத்தல வழியாக என்னை அழைத்துப் போனார். உச்சியை அண்மிக்கும் வேளை. இருட்டு, குளிர்காற்று. புதிய கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே பழைய சங்கிலி தொங்கிய ஓரிடத்தில் என் கால் நடுங்கிற்று. நான் கீழே பார்த்துவிட்டேன்.

"கீழ பாக்காத தம்பி. முன்னால போறவங்க காலப் பாரு. ஒரு கை புடிச்சப்புறந்தான் மறு கைய வுடணும்" என்றார் தாத்தா.

இத்தாலி மலையின் இரட்டைக் கொளுவி விதியை மாணவன் காட்டியபோது எனக்கு நினைவு வந்தது இந்த வார்த்தைதான். பாடநூலிலே படித்து வந்த விதியல்ல அது. சங்கிலியைப் பிடித்த கை கற்றுக்கொண்டது. தாத்தாவுக்கு முன் யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

அப்போது எனக்குப் பின்னால் ஏறிய சிங்களக் கிழவி ஒருத்தி என் முதுகிலே கை வைத்துத் தாங்கிக்கொண்டாள். அவள் 'கருணாவாய்' என்றாள். தாத்தா 'அரோகரா' என்றார். எவரெவரோ என்னென்னவோ சொன்னார்கள். கலிமாச் சங்கிலியின் கதையைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தபோது அந்த இடம் எனக்குப் புரிந்தது. கீழே பார்க்கும்போது எழுகின்ற அச்சம் எல்லோருக்கும் ஒன்று. வாயில் வரும் சொல்தான் வேறு. கை பற்றிய இரும்பும் ஒன்றே.

தாத்தாவைப் பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். அவர் இந்த மண்ணிலே பிறந்தவர். ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. இந்திய வம்சாவளியினருள் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டு சப்பிரகமுவத் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது எங்கள் லயமும் தப்பவில்லை. பலர் வன்னிக்குப் போனார்கள். அந்த ஆண்டுப் பருவத்தில் தாத்தா மலைக்குப் போகமாட்டார் என்றே எல்லோரும் எண்ணினார்களாம். அவர் போனார். கிராமத்திலிருந்தும் வழக்கமான ஆட்கள் வந்து அவர் பின்னால் நின்றார்களாம். என் தகப்பனார் இதைச் சொல்லும்போதெல்லாம் சற்று நேரம் பேசாமல் இருப்பார்.

நான் போன பயணத்தில் வழியிலே இரண்டு இடங்களில் அடையாள அட்டை கேட்டார்கள். தாத்தாவிடம் இருந்தது தோட்டத்துக் கடிதம் ஒன்றுதான். அதை விரித்து விரித்துக் காட்டினார். சங்கிலி இருந்த இடத்தில் யாரும் கடிதம் கேட்கவில்லை. உச்சியிலே, எத்தனையாவது தடவை வந்திருக்கிறோமோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம். நான் ஒருமுறை அடித்தேன். தாத்தா முப்பத்தொரு முறை அடித்தார். அந்த நாட்டின் எந்தப் பதிவேட்டிலும் பிரசையாக இல்லாத மனிதரின் கணக்கை அங்கே நின்ற அத்தனை பேரும் காதால் கேட்டார்கள்.

ஆரியச்சக்கரவர்த்தியின் யோகிகள் 1344இலேயே ஏறினார்கள், ஆகவே மலை எங்களுடையது என்று வாதிட நான் வரவில்லை. அந்த யோகிகள் என் பாட்டன்மாரும் அல்லர். பழமையைக் காட்டி உரிமை கேட்கத் தொடங்கினால் எல்லோரிடமும் ஒரு கல்வெட்டு இருக்கும். பத்துச் சங்கிலிகளும் இத்தனை நூற்றாண்டு பயன்பட்டது உரிமை கேட்டவர்களால் அல்ல. துருப்பிடித்ததை மாற்றியவர்களாலும், பின்னால் வருபவனுக்குப் பிடித்துக் கொடுத்தவர்களாலும் பயன்பட்டது. உணவு சுமந்த பதினைந்து பேரின் பெயரை இப்னு பதூதா எழுதவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அவர் ஏறியிருக்கமாட்டார்.

இன்று பெரும்பகுதி சீமெந்துப் படிகளும் இரும்புக் கைப்பிடிகளுமாக மாறிவிட்டது. 2010ஆம் ஆண்டு, இந்த மலைவனம் அடங்கிய மத்திய மலைநாட்டை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. ஆண்டுதோறும் மார்கழிப் பௌர்ணமியோடு பருவம் தொடங்கும்போது, பெல்மதுளை கல்பொத்தாவல விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவம் மலையுச்சிக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. வைகாசி வரை மக்கள் ஏறுவார்கள்.

இந்தப் பருவத்தில் அந்த மாணவனையும் அவன் தோழர் சிலரையும் பலாபத்தல வழியாக அழைத்துப் போவதாக அவர்களது பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். "சங்கிலியைப் போட்டது யார், சேர்?" என்று அவன் மறுபடியும் கேட்டான். பெயர் தெரியாது என்றேன். அதைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவரின் பெயர் எனக்குத் தெரியும். மலையிலே, அந்த இடம் வரும்போது அவனுக்குச் சொல்வேன்.