கப்பல் வராத நாட்கள்

போன தவணையில் ஒரு நாள், தரம் 11 வரலாற்றுப் பாடம் தொடங்குமுன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டோம். "காலையில் என்ன சாப்பிட்டீங்க?"

பாண், பருப்பு, ரொட்டி, பால் தேநீர். ஒரே ஒரு பிள்ளை பழஞ்சோறு என்றாள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி, கப்பலில் வந்ததை மட்டும் வட்டமிடச் சொன்னோம். கோதுமை மா வட்டத்துக்குள் போனது. மைசூர்ப் பருப்பும் பால்மாவும் போயின. சீனியிலும் பெரும்பங்கு வெளியிலிருந்து வருவதுதான் என்பதால் அதுவும் போனது. கடைசியில் வட்டத்துக்கு வெளியே நின்றது தேயிலை, தேங்காய், பழஞ்சோறு.

ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். நாம் வாழ்வது அம்பாறை மாவட்டத்தில். நாட்டுக்குச் சோறு போடும் மாவட்டம் என்று மேடைகளில் சொல்லப்படும் இடம். அங்கேயே காலைச் சாப்பாடு கப்பலில் வருகிறது என்றால், இது எப்போது தொடங்கியது? அன்று பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதைத்தான் பேசினோம். பேசியதை இங்கே எழுதுகிறோம்.

குளம் கட்டி நெல் விளைவித்த நாடு நம்முடையது. ஆங்கிலேயர் காலத்தில் கோப்பியும் பின்னர் தேயிலையும் இறப்பரும் நாட்டின் வருமானமாயின. தோட்டத் தொழிலாளருக்கான அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. நெல் விளைவித்தவன் நிலையோ வேறு. 1892வரை அவன் தானிய வரி கட்டினான். கட்ட முடியாதவர்களின் வயல்கள் விற்கப்பட்டன. வலப்பனைப் பகுதியில் நடந்தவை அன்றே பெரும் சர்ச்சையாயின. தேயிலையை விற்றுப் பர்மா அரிசியை வாங்கலாம் என்ற கணக்கு, கப்பல் ஓடும்வரை சரியாகத்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் நாம் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இறக்குமதி. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நம் மூத்தவர்கள் "சப்பான்காரன் குண்டு போட்ட காலம்" என்று சொல்வது இதைத்தான். குண்டு அந்த இரண்டு நாட்களோடு நின்றது. பர்மா அரிசி நின்றது நாட்டின் எல்லா வீட்டு அடுப்புகளையும் தொட்டது.

அரசாங்கம் பங்கீட்டுக்கு இறங்கியது. ஒலிவர் குணதிலக்க சிவில் பாதுகாப்பு, உணவு ஆணையாளராகப் பொறுப்பேற்றார். கூப்பன் நம் வாழ்க்கைக்குள் வந்தது. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. பாண் கிராமம்வரை போய்ச் சேர்ந்த கதையில் அந்தப் போர்க்காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவசரத்துக்கு வந்த மா, அவசரம் முடிந்த பின்னும் திரும்பிப் போகவில்லை.

சுதந்திரம் கிடைத்தபோதும் இறக்குமதி அரிசியை நம்பியே இருந்தோம். கொரியப் போர் காலத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. நம் இறப்பர் விலை விழத் தொடங்கியது. அப்போது நடந்ததுதான் 1952 டிசம்பரில் கைச்சாத்தான இறப்பர் - அரிசி ஒப்பந்தம். வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க சீனாவுடன் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரை நாம் கொடுக்க, 2,70,000 தொன் அரிசியைச் சீனா தரும். சீனாவோடு அப்போது நமக்கு இராஜதந்திர உறவுகூட இல்லை. அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறிச் செய்த அந்த ஒப்பந்தம், புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு முப்பது வருடம் ஓடியது. பசி வந்தால் ஒரு சிறிய நாடு எந்தக் கதவையும் தட்டத்தான் வேண்டும்.

ஆனாலும் அரிசி மானியச் செலவு கழுத்தை நெரித்தது. 1953இல் ஒரு கொத்து கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ மூன்று மடங்கு, ஒரே அறிவிப்பில். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அன்று அமைச்சரவை கூடியது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில். அந்த ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அதற்குப் பிறகு அரிசி விலையில் கைவைக்க எந்த அரசாங்கமும் பயந்தது.

இதே காலத்தில் சத்தமில்லாமல் வேறொரு வேலையும் நடந்தது. 1949இல் கல்ஓயாத் திட்டம் தொடங்கியது. சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் நம் பக்கத்து வட்டைகளுக்கும் வந்தது. (அந்தக் குடியேற்றத்தின் அரசியலும் அதில் நாம் இழந்ததும் தனிப் பதிவுக்குரியவை.) குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடை ஆய்வு நிலையம் 1950களின் பிற்பகுதியில் எச்-4 என்ற நெல்லினத்தைத் தந்தது. நம் விவசாயிகள் இன்றும் "பி.ஜி. விதைச்சிருக்கன், ஏ.டி. விதைச்சிருக்கன்" என்கிறார்களே, அந்த பி.ஜி. பத்தலகொடை, ஏ.டி. அம்பலாந்தோட்டை. இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேருக்கு ஆச்சரியம். வாப்பா தினமும் சொல்லும் பெயருக்குள் ஓர் ஊர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உத்தரவாத விலையில் நெல் கொள்வனவும் நடந்தது. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. குளம், விதை, விலை. இந்த மூன்றும் பல வருடங்கள் எடுத்தன. இன்று நாம் உண்ணும் சோறு அந்த வருடங்களின் பலன்.

1970களில் மறுபடியும் சோதனை. 1973இல் எண்ணெய் விலையும் உலகத் தானிய விலையும் சேர்ந்து ஏறின. கையில் அந்நியச் செலாவணி இல்லை. பங்கீட்டு அரிசி குறைந்தது. பாணுக்கு விடியமுன் வரிசை. மரவள்ளிக்கிழங்கு பல வீடுகளில் மூன்று வேளைச் சாப்பாடானது. இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காய விவசாயிகள் தலைநிமிர்ந்தார்கள். அதே காலத்தில் மலையகத் தோட்டங்களில் மரண வீதம் உயர்ந்தது. சொந்தத் துண்டு நிலம்கூட இல்லாதவர்களுக்கு "நாமே விளைவிப்போம்" என்ற கோஷம் சோறு போடவில்லை. தன்னிறைவு என்று பேசும்போது இந்த மக்களை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

1977இல் கதவு முழுதாகத் திறந்தது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வந்து இறங்க, நேற்றுவரை தலைநிமிர்ந்த விவசாயி விழுந்தான். 1979இல் கூப்பன் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை விளையாத நாட்டில் பாண் அன்றாடச் சாப்பாடாக நிலைத்தது.

பிறகு நெல்லில் மட்டும் நாம் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டோம். 2015இல் வைக்க இடமில்லாமல் மத்தளை விமான நிலையத்தில் நெல் மூடைகளை அடுக்கிய காட்சி பலருக்கு ஞாபகம் இருக்கும். சிரித்தோம். ஆனால் அது சிரிப்புக்குரியதல்ல. விளைவிக்கத் தெரிந்த நாடு, சேமிக்கக் கட்டவில்லை என்பதன் சாட்சி அது. ஏழு வருட விளைச்சலை ஏழு வருடப் பஞ்சத்துக்காகச் சேமித்த நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதுகிற நாம், நம் ஊர்க் களஞ்சியத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை.

2021 மே மாதம் ஒரு வர்த்தமானி. இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே கேள்வி. பத்து வருடத்தில் படிப்படியாகச் செய்ய வேண்டியதை ஒரு போகத்தில் செய்யப் பார்த்தார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகத்துக்கு விதைத்தாயிற்று. பயிர் மஞ்சளாகி நின்றதை நாம் பார்த்தோம். விளைச்சல் பெருமளவு விழுந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. வெட்டு மெசினுக்கு டீசல் தேடி விவசாயி கலனோடு வரிசையில் நின்றான். செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தது.

அந்த மாதங்களில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். தண்ணீர் தெளித்து எழுப்பி, "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆசிரியர்கள் நாங்கள் எங்கள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பகிர்ந்தோம். சில நாட்களில் எங்கள் பார்சலும் சிறியதாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் வயல்காரரின் பிள்ளைகள்.

இந்த எண்பது வருடக் கதையைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இறக்குமதி செய்வது குற்றமல்ல. எந்த நாடும் எல்லாவற்றையும் தானே விளைவிப்பதில்லை. ஒரே பாதையை நம்பியிருந்து அது அடைபட்ட போதும், ஒரே இரவில் கதவைச் சாத்திய போதும், ஒரே இரவில் திறந்த போதும்தான் நாம் பசித்தோம். நமக்குச் சோறு தந்த வேலைகள் ஒன்றும் ஒரே இரவில் நடக்கவில்லை. விவசாயிக்கு அடுத்த போகத்தின் விலையும் உரமும் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒழுகாத களஞ்சியம் வேண்டும். நம் மண்ணில் விளையும் பயறும் உழுந்தும் கௌப்பியும் குரக்கனும் தட்டுக்குத் திரும்ப வேண்டும். நிலமில்லாதவனுக்கு உதவி போய்ச் சேர வேண்டும். ஆட்சி மாறினாலும் இவை மாறக்கூடாது.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, பழஞ்சோறு சாப்பிட்டு வந்த பிள்ளை கையை உயர்த்தினாள். "சேர், யூரியாவும் டீசலும் கப்பல்லதானே வருது. அப்ப என்ட சோத்தையும் பாதி வட்டம் போடணும்."

வெண்கட்டியை அவளிடமே கொடுத்தோம். எழுந்து வந்து, பழஞ்சோற்றைச் சுற்றி அரை வட்டம் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டில் கூப்பன் காலத்தையும் பாண் வரிசையையும் கண்ட மூத்தம்மா, மூத்தப்பா யாரும் இருந்தால், இன்றிரவு பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதை எழுதியும் வையுங்கள். அடுத்த முறை யாராவது ஒரே இரவில் எல்லாம் மாறிவிடும் என்று மேடையில் சொல்லும்போது, கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை நமக்கு வேண்டும்.