மையத்துக்கு வரச்சொல்வதா, தேடிப் போவதா?

குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதை, இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அடிவாரச் சாலைக்கு மாற்று வழி.  இந்தப் பாதை ஏறும் சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்களும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும் வாழ்கிறார்கள். அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கணினி அவர்கள் வாழ்க்கைக்குள் வந்துவிட்டது. சாதிச் சான்றிதழுக்கு இணையவழி விண்ணப்பம் போட வேண்டும். ஊரக வேலைத் திட்டக் கூலி வங்கிக் கணக்கில் ஏறுகிறது. மகளிர் உரிமைத் தொகை வந்துவிட்டதைச் செல்போன் குறுஞ்செய்திதான் சொல்கிறது. அதைத் திறந்து படிக்கத் தெரியாத பெண், பணம் ஏறியதா என்று பார்ப்பதற்கே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கற்பிக்க நம் நாட்டில் நடந்த இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று, ஒன்றிய அரசின் பிரதம மந்திரி கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம். மற்றொன்று, திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில் தொடங்கிக் கேரளம் முழுவதும் பரவிய ‘டிஜி கேரளம்’.

தொடக்கமும் அளவும்

ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2017 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு ரூ.2,351.38 கோடி. இலக்கு, 6 கோடி கிராமப்புறக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர். தேவை பெரிது. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, கிராமங்களில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 9.9 சதவீதத்தினருக்குத்தான் கணினியை இயக்கத் தெரிந்திருந்தது. 2024 மார்ச் 31இல் திட்டம் முடிந்தபோது 6.39 கோடிப் பேர் பயிற்சி முடித்திருந்தனர். உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத எண்ணிக்கை இது.

புல்லம்பாறை ஓர் ஊராட்சியின் முயற்சி. 2021 ஆகஸ்ட் 15இல் தொடங்கி, 2022 செப்டம்பர் 21இல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. மாநிலம் அதையே கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கணக்கெடுத்தது. கற்பிக்கப்பட வேண்டியவர்கள் சுமார் 21.88 லட்சம் பேர் என்று தெரிந்தது. அவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பயிற்சி தந்துவிட்டதாக 2025 ஆகஸ்ட் 21இல் கேரளம் அறிவித்தது.

யார் யாரைத் தேடிப் போனார்கள்

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு இங்கேதான். ஒன்றிய அரசின் திட்டத்தில் கற்பவர் பொதுச் சேவை மையத்துக்கு வர வேண்டியிருந்தது. வயது 14 முதல் 60 வரை. ஆதாரோடு பதிவு, 10 நாளுக்குக் குறையாமல் 30 நாளுக்கு மிகாமல் 20 மணி நேரப் பாடம், பிறகு இணையவழித் தேர்வு. தேறிய ஒவ்வொருவருக்கும் பயிற்சி நிறுவனத்துக்கு ரூ.300.

பட்டியல் பழங்குடியினர், பெண்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று விதி நல்லபடியாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் தேறினால்தான் பணம் என்றால், சீக்கிரம் தேறக்கூடியவரைச் சேர்ப்பதே மையம் நடத்துபவருக்குக் கட்டுப்படியாகும். வீட்டுக்கு ஒருவர் என்றால், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைத்தான் வீடும் அனுப்பிவைக்கும். கல் தூக்கியும் களை கொத்தியும் தேய்ந்த விரலைக் கருவியில் வைத்து, “ரேகை விழலைம்மா, இன்னொரு விரலை வைங்க” என்ற பேச்சை ரேஷன் கடையில் எத்தனையோ முறை கேட்டவர், படிப்புக்காகவும் அதே கருவி முன்னால் போய் நிற்கத் தயங்குவார். அறுபதைத் தாண்டியவருக்கோ திட்டத்தில் இடமே இருக்கவில்லை.

புல்லம்பாறையில் ஆசிரியர்தான் நடந்தார். நூறு நாள் வேலை நடக்கும் இடம், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டம், வீட்டுத் திண்ணை என மக்கள் கூடும் இடமெல்லாம் வகுப்பறை ஆனது. சொல்லிக்கொடுத்தவர்கள் தன்னார்வலர்கள், மாணவர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள். மாநிலத் திட்டமாக விரிந்தபோது தன்னார்வலர் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. வயதுக்கு மேல்வரம்பு வைக்கவில்லை. தொண்ணூறைக் கடந்தவர்களும் கற்றார்கள். கற்கும் கருவி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் செல்போன். அழைப்பது, குரல் செய்தி அனுப்புவது, காணொலி பார்ப்பது, அரசுச் சேவையைத் தேடுவது எனப் பதினைந்து செயல்கள். பேரனோடு முகம் பார்த்துப் பேச முதல் நாளே கற்றுக்கொண்ட பாட்டி, இரண்டாம் நாள் வகுப்புக்கு அழைக்காமலே வருவார்.

தேர்ச்சியை அளந்த விதம்

ஒன்றிய அரசின் திட்டத்தில் பயிற்சி முடித்த 6.39 கோடிப் பேரில் சான்றிதழ் பெற்றவர்கள் சுமார் 4.77 கோடி. இடைவெளி ஒன்றரைக் கோடிக்கு மேல். அவர்களில் எத்தனை பேருக்குத் தேர்வுதான் தடையாக இருந்தது என்பதைச் சான்றிதழ்க் கணக்கு காட்டாது. கேரளத்தில் கேள்வித்தாளுக்குப் பதிலாகக் கைவேலை. கற்றவர் செல்போனில் செய்து காட்ட வேண்டியிருந்தது; தவறினால் மறுபடி பயிற்சி. அதற்கும் மேல், பொருளாதார மற்றும் புள்ளியியல் துறை பத்து சதவீதத்தினரை மறுபரிசோதனை செய்தது. ‘சான்றிதழ் பெற்றாரா’ என்று பார்ப்பதும் ‘செய்யத் தெரிந்ததா’ என்று பார்ப்பதும் வேறு வேறு.

கேரளத்தின் குறைகளும் கணக்கில் வரட்டும்

கேரளம் வெறும் கையோடு தொடங்கவில்லை. 1991இல் முழு எழுத்தறிவு அறிவிப்பு, 1998இல் குடும்பஸ்ரீ, 2002இல் மலப்புரத்தில் வீட்டுக்கு ஒருவருக்குக் கணினி கற்பித்த ‘அக்ஷயா’ என்று முப்பது ஆண்டு உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. இந்த அடித்தளம் இல்லாத மாநிலங்களையும் சேர்த்துச் சுமந்த திட்டத்தை அதே தராசில் நிறுத்துவது முழு நியாயம் ஆகாது. செல்போன் வழிக் கல்விக்கு எல்லையும் உண்டு. விசைப்பலகையில் தமிழில் ஒரு மனுவைத் தட்டச்சு செய்யவோ, நீண்ட விண்ணப்பத்தை நிரப்பிச் சான்றுகளைப் பதிவேற்றவோ கணினி முன்னால் உட்காருவதே எளிது. அதற்கு மையம்தான் சரியான இடம்.

முடிவு

தாமாக முன்வருகிறவர்களுக்கு மையம் போதும். தயங்குகிறவர்களுக்கும் தொலைவில் இருப்பவர்களுக்கும் புல்லம்பாறை வழியே பலன் தரும். முதலில் திண்ணை, பிறகு மையம் என்பதே சரியான வரிசை.

தேடிப் போய்ச் சொல்லிக்கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை நேரத்தில் தெருவுக்கே தன்னார்வலரை அனுப்பியது. இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் வாழ்க்கைத் திறன்களில் ஒன்றாக டிஜிட்டல் அறிவு இடம்பெற்றிருக்கிறது. ஆகவே புதுத் திட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

சேலம் மாவட்ட நிர்வாகமும் மலை ஊராட்சிகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் சேர்ந்து குப்பனூர்ப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தை முதலில் கண்டறியுங்கள். அந்தந்த ஊரில் படித்த பெண்களையே ஆசிரியராக்குங்கள். தெரிந்த முகம் சொல்லிக்கொடுத்தால் கூச்சம் பாதி போய்விடும். முதல் பாடமாகக் கூலி ஏறிய குறுஞ்செய்தியைப் படிக்கவும், ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாமல் இருக்கவும் கற்றுக்கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். அந்தக் குறுஞ்செய்தியைத் தானே படிக்கிறாரா என்பதுதான் தேர்வு.