புத்தகம் உண்டு, அறை இல்லை: பரோடா சொல்லும் நூலக வரலாறு

நூலகம் என்றால் நம் தோழர்களில் பலருக்குப் போட்டித் தேர்வுக் கையேடும் நாளிதழும்தான் நினைவுக்கு வருகின்றன. படிப்பை முடித்த பெரியவர்களுக்கும் நூலகத்தில் நிகழ்ச்சிகள் வேண்டும், அங்கே நல்ல திரைப்படமும் காட்ட வேண்டும் என்று நாம் சொன்னால், ஏதோ புதிதாகக் கேட்பதுபோல் பார்க்கிறார்கள். இது புதிதே அல்ல. நூறாண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் ஒரு சமஸ்தானம் இதைச் செய்து காட்டியது. அதே சமஸ்தானத்தின் தலைநகரில்தான் பாபாசாகேப் அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. இந்த இரண்டு செய்திகளும் பெரும்பாலும் தனித்தனிப் புத்தகங்களில் கிடக்கின்றன. நாம் அவற்றைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

பரோடாவை ஆண்ட மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், 1906இல் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சமஸ்தானம் முழுவதற்கும் விரிவுபடுத்தினார். ஆனால் பள்ளியில் கற்ற எழுத்து, அதன்பிறகு வாசிக்க எதுவும் கிடைக்காவிட்டால் சில ஆண்டுகளில் மறந்துபோகும். அமெரிக்காவில் பொது நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்த அவர், 1910இல் வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்து இந்தப் பொறுப்பைக் கொடுத்தார். மன்னரின் சொந்தச் சேகரிப்பு மத்திய நூலகத்துக்கு அடித்தளமானது. ஊரில் நூலகம் தொடங்க மக்கள் ஒரு பங்கு பணம் திரட்டினால், அரசும் உள்ளாட்சி அமைப்பும் மற்ற பங்குகளைப் போட்டன. நூலகம் இல்லாத இடங்களுக்கு மரப்பெட்டிகளில் புத்தகங்கள் அனுப்பப்பட்டன. வாசிக்கக் கட்டணம் கிடையாது.

இன்னொன்றும் நடந்தது. நூலகத் துறைக்குள்ளேயே காட்சிவழிக் கல்விக்கென்று ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. திரைப்படக் கருவியும் ஒளிப்படத் தகடுகளும் கிராமங்களுக்குப் போயின. எழுத்துத் தெரியாத பெரியவர்களும் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கலாம் என்பதே நோக்கம். சினிமாவை நூலகத்தின் வேலையாகக் கருதிய அந்தப் பார்வை, இன்றைய நம் கிளை நூலகங்கள் பலவற்றில் இல்லை.

அதே மன்னரின் உதவித்தொகையில்தான் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். படிப்புக்கு ஈடாகப் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் பணிக்கு வந்தார். இந்து விடுதிகள் தன்னைச் சேர்க்காது என்று அவருக்குத் தெரியும். ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். ஆளரவமற்ற மாடி, குப்பையாய்ச் சேர்ந்த தட்டுமுட்டுச் சாமான்கள், வௌவால்கள், ஒரு சிறிய லாந்தர் விளக்கு. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அந்த இருட்டில் புத்தகங்களில் அடைக்கலம் தேடி, படித்துக்கொண்டே இருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பதினோராம் நாள் காலையில் கையில் தடிகளோடு பார்சிகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய், மாலைக்குள் வெளியேறு என்றார்கள். அரசு பங்களா கேட்டு அவர் கொடுத்திருந்த மனுவோ அதிகாரிகளிடம் சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் இந்து நண்பர், ஒரு கிறித்தவ நண்பர் இருவரிடமும் கேட்டார். இருவர் வீட்டிலும் இடமில்லை. காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலேறி பம்பாய்க்குத் திரும்பினார்.

சாயாஜிராவை வில்லனாக்க இதைச் சொல்லவில்லை. அவர் செய்த உதவியை மறைப்பதும் நேர்மையல்ல. நாம் சொல்ல வருவது வேறு. ஓர் அரசு புத்தகத்தைப் பெட்டியில் வைத்து ஊர் ஊராக அனுப்ப முடியும். திரை கட்டிப் படம் காட்ட முடியும். அத்தனைக்கும் பிறகு, அந்த நாட்டிலேயே மிகப் பெரிய படிப்பாளி ஒருவருக்கு அதே நகரில் படுக்க இடமில்லாமலும் இருக்க முடியும். "அனைவருக்கும் அனுமதி" என்று பலகை மாட்டிவிட்டால் சாதி வாசலிலேயே நின்றுவிடாது. அது அறைக்குள் வந்து நாற்காலி போட்டு உட்காரும்.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பிறகு வந்த அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறது. 'விடுதி' என்ற சொல்லைத் தாண்டும்போது நமக்குப் பரோடா நினைவுக்கு வருகிறது. கேளிக்கை இடம் என்பதில் சினிமாவும் அடங்கும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1948இல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. எஸ்.ஆர். அரங்கநாதனின் உழைப்பு அதில் உண்டு. நூலகத்துக்கான வரி சொத்து வரியோடு சேர்த்து வசூலாகிறது. நம் சேரி வீடுகளும் அதைக் கட்டுகின்றன. ஆகவே நூலகம் யாரும் போடும் பிச்சை அல்ல. ஆனால் அது எந்தத் தெருவில் நிற்கிறது, மாலையில் யார் தயங்காமல் உள்ளே போகிறார்கள், அலமாரியில் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

அரசு செய்யட்டும் என்று காத்திராமல் நம்மவர்கள் செய்ததும் உண்டு. இயக்குநர் பா. இரஞ்சித் 2018இல் சென்னையில் தொடங்கிய கூகை திரைப்பட இயக்கம், சினிமா கற்கும் இளைஞர்களுக்காக ஒரு நூலகத்தையே நடத்தியது. அது வேண்டும். அதற்காக, வரி வாங்கும் நூலகத்தை நாம் விட்டுவிட வேண்டியதில்லை.

உங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள். வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலைக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பாமாவின் 'கருக்கு', கே.ஏ. குணசேகரனின் 'வடு' இரண்டிலிருந்தும் தொடங்கலாம். மாதம் ஒரு படம் கேளுங்கள். ஜப்பார் பட்டேலின் 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' 2000இல் வந்தும், தமிழ் பேசித் திரைக்கு வர 2010 ஆனது. அதையே முதல் படமாக வையுங்கள். அடுத்து நாகராஜ் மஞ்சுளேவின் 'ஃபன்றி', ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்'. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, வந்த பெரியவர்களைப் பேசவிடுங்கள். எழுதத் தெரியாத நம் அம்மாக்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.

இடமில்லை என்று பதில் வந்தால், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடமில்லை என்ற சொல்லின் வரலாறு நமக்குத் தெரியும்.

ஜெய்பீம்.