பத்து வெள்ளியில் எழுந்த பணி

பெரியோர் பெயரைத் தெருவுக்குச் சூட்டுவது எளிது. அவர்தம் செயலை மக்கள் நெஞ்சில் நிறுத்துவது அரிது. சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம், "துன் சம்பந்தன் யார்?" என்று வினவினேன். "கோலாலம்பூரில் உள்ள ஒரு சாலை, ஐயா" என்றான். வகுப்பே நகைத்தது. எனக்கு நகைப்பு வரவில்லை. குற்றம் அம்மாணவனுடையதன்று, சொல்லிக் கொடுக்கத் தவறிய நம்முடையதே ஆகும்.

வீராசாமி திருஞானசம்பந்தன் 1919ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர் நிலங்களுக்கு உரிமையாளரானவர். கோலகங்சார் கிளிப்பர்டு பள்ளியில் பயின்ற சம்பந்தனார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இந்திய விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டெரிந்த அக்காலத்துத் தமிழக மாணவர் வாழ்க்கை, செல்வர் வீட்டுப் பிள்ளையான அவருக்குப் பொதுவாழ்வின் சுவையை ஊட்டியது.

தாயகம் திரும்பியவர் முதலில் தம் ஊரையே பணிக்களமாகக் கொண்டார். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. நேருவின் தங்கையார் விசயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார். மறு ஆண்டு, 1955இல், சம்பந்தனார் மலாயா இந்தியர் காங்கிரசின் ஐந்தாம் தலைவரானார். அதுவரை நகரத்துப் படித்தவர்களின் அவையாகவே பெரிதும் விளங்கிய அவ்வியக்கத்தின் கதவு, அவர் காலத்தில் தோட்டப் பாட்டாளிக்கும் அகலத் திறந்தது. மேடையில் அவர் தமிழில் பேசினார். லயத்து மக்கள் தம் வீட்டுப் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டனர். தொழில், சுகாதாரம், பொதுப்பணி முதலிய அமைச்சுப் பொறுப்புகளையும் அவர் ஏற்றார். எனினும் அன்னாரின் பணிகளுள் தலையாயது எதுவெனக் கேட்பின், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையே நான் சுட்டுவேன்.

அதன் அருமையை உணர, தோட்டத் துண்டாடல் என்னும் கொடுமையை அறிதல் வேண்டும். 1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. வாங்கிய வணிகர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி இலாபத்திற்கு விற்றனர். பல நூறு ஏக்கர் தோட்டம் பலருடைய சிறு நிலங்களாகச் சிதறியபின், தொழிலாளரின் வேலைக்கும் வீட்டுக்கும் பொறுப்பேற்பார் இலர். வேலை போயின் வீடு போகும். வீடு போயின் கோயிலும் பள்ளியும் போகும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ்த் தோட்டத்தோடு பிணைந்து வளர்ந்த நம் தமிழ்ப் பள்ளிகளுக்குத் தோட்டத்தின் அழிவு எத்தகைய இடியாக இறங்கியிருக்கும் என்பதை ஆசிரியராகிய நாம் எளிதில் உணரலாம்.

இந்நிலையில், "தோட்டம் விற்கப்படுமாயின் அதனைத் தொழிலாளரே வாங்கினால் என்ன?" என்னும் எண்ணத்திற்குச் செயல்வடிவம் கொடுத்தார் சம்பந்தனார். 1960இல் சங்கம் தோன்றியது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதனை ஒருசேரக் கட்ட இயலாத பாட்டாளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலியில் அரிசியும் பருப்பும் வாங்கியவருக்கு அந்தப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. ஆகவே அவர் தோட்டம் தோட்டமாகச் சென்றார். துணைவியார் தோ புவான் உமா சம்பந்தனும் உடன் உழைத்தார். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று. அதனைத் தொடர்ந்து பல தோட்டங்கள் சேர்ந்தன.

என் தாயார் பால்மரம் சீவியவர். இரும்புப் பெட்டியின் அடியில், பிறப்புப் பத்திரங்களோடு அச்சங்கத்தின் பங்குத் தாளையும் மடித்து வைத்திருந்தார். எழுத்தறியாத அவர் ஆண்டுக்கொரு முறை அதனை எடுத்து விரித்து, "இதிலே நமக்கும் ஒரு மரம் இருக்கு" என்பார். எந்தத் தோட்டத்து மரம் என்று அவர் கேட்டதில்லை. நாடற்றவராய், நிலமற்றவராய் எண்ணப்பட்ட ஒரு தலைமுறைக்கு அத்தாள் தந்த நிமிர்வை எந்தக் கணக்கேட்டில் பதிவது?

வரலாறு எழுதுவோர் குறைகளையும் மறைத்தலாகாது. துண்டாடப்பட்ட தோட்டங்கள் அனைத்தையும் சங்கத்தால் காத்திருக்க முடியாது. பங்குதாரரான பின்னும் பாட்டாளி விடியலில் பெரட்டுக்களத்தில் நின்றார். கூலிமுறை அடியோடு மாறிவிடவில்லை. தலைமைப் பூசலுக்குப் பின் 1973இல் சம்பந்தனார் கட்சித் தலைமையினின்று விலகினார். பின்வந்த ஆண்டுகளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். ஆயினும் இவை அவர் எழுப்பிய வினாவைப் பொய்யாக்கவில்லை. பிறர் கைப்பொருளை எதிர்நோக்காமல், சிறுகச் சேர்த்து ஒன்றுபட்டால் எளியோரும் உடைமையாளராகலாம் என்பதை அவர் செய்து காட்டினார்.

1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் மறைந்தார். அன்று நான் சிறுவன். தோட்டத்துப் பெரியவர்கள் வேலி ஓரத்தில் கூடித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதும், தாயார் அன்று இரும்புப் பெட்டியைத் திறந்ததும் மட்டுமே நினைவில் உள்ளன.

ஆசிரியத் தோழர்களே! வரலாற்றுப் பாடத்தில் இவர் பெயர் வரும்போது, பிறந்த ஆண்டையும் வகித்த பதவிகளையும் மனனம் செய்வித்து அமையாதீர். கணக்குப் பாடத்திலும் இவரைக் கொண்டு வாருங்கள். மாதம் 10 வெள்ளி வீதம் ஆயிரம் பேர் பத்து மாதம் செலுத்தின் எவ்வளவு சேரும் என்று கேளுங்கள். ஓர் இலட்சம் என்று மாணவர் விடை காண்பர். அந்த ஓர் இலட்சம் யார் யார் வியர்வை என்பதையும் தொடர்ந்து சொல்லுங்கள். அதன்பின் சாலையின் பெயரைப் படிக்கும் பிள்ளை, அதனை வெறும் சாலையென எண்ணமாட்டான்.