ஊர்களின் சிறப்புப் பெயர்களும் அவற்றின் பொறுப்பும்

இயற்பெயர் ஒன்றிருக்க, சிறப்புப் பெயரொன்றாலும் ஊர்களை அழைப்பது உலகெங்கும் உள்ள வழக்கமாகும். கண்டியை மலையகத்தின் தலைநகர் என்கின்றோம். மட்டக்களப்பு மீன்பாடும் தேன்நாடு. இரத்தினபுரி மாணிக்க நகரம். நுவரெலியா குட்டி இங்கிலாந்து. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. ஓர் ஊரை எவர், எந்தக் கண்கொண்டு நோக்கினர் என்பதற்கு இவையே சான்றாகும்.

ஜப்பானில் இவ்வழக்கம் ஆழமாக வேரூன்றியுள்ளது. எடோ காலத்தில் (1603-1868) பல பிரதேசங்களின் அரிசியும் பண்டங்களும் ஒசாக்காவின் களஞ்சியங்களில் குவிந்தமையால் அந்நகர் 'நாட்டின் சமையலறை' எனப்பட்டது. பழைமை பேணும் சிறு நகரங்கள் பல, முன்னாள் தலைநகரான கியோத்தோவின் பெயரால் 'சின்னக் கியோத்தோ' எனப் பெருமை கொள்கின்றன. 1945 ஓகஸ்ட் 6 இல் அணுகுண்டினால் அழிந்த ஹிரோஷிமா, 1949 இல் இயற்றப்பட்ட விசேட சட்டத்தின் மூலம் சமாதான நினைவு நகரமாக மீளக் கட்டியெழுப்பப்பட்டது. அங்கு பெயரே ஒரு கடமையாயிற்று.

சின்னக் கியோத்தோ தன் நாட்டு முன்னோரின் நகரை நினைவூட்டுகின்றது. குட்டி இங்கிலாந்தோ ஆள வந்தவரின் தாயகத்தை நினைவூட்டுகின்றது. குளிர்ந்த காலநிலையில் மகிழ்ந்த பிரித்தானியரின் பார்வை அப்பெயரில் உண்டு. தமிழகத்திலிருந்து வந்து அம்மலைகளில் தேயிலை வளர்த்த தொழிலாளரின் வியர்வை அதில் இல்லை. உல்லாசப் பயணிகளுக்காக அப்பெயரை இன்றும் உச்சரிக்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிலிமத்தலாவை கொழும்பு - கண்டி வீதியில் உள்ளது. பித்தளை வேலைக்குப் பெயர்போன ஊர் என்பதே அதன் அடையாளமாகும். சிங்களத்தில் 'பிலிம' என்பது சிலையைக் குறிக்கும். கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே ஆகிய புராதன வழிபாட்டுத் தலங்களும் அண்மையிலேயே உள்ளன. வீதியோரக் கடைகளில் விற்பனையாகும் குத்துவிளக்கும் தட்டமும் இன, மத பேதமின்றி எல்லா இல்லங்களையும் சென்றடைகின்றன. ஆள்வோர் சூட்டாத, உழைப்பினால் ஈட்டிய பெயர் இது.

உழைப்பினால் வந்த பெயர் உழைப்பு உள்ளவரையே நிலைக்கும். வார்ப்புக் கலையை இளையோர் கற்கவும், கைவினைஞர் உரிய விலை பெறவும் வழி செய்யாது, ஊரின் புகழை மாத்திரம் விளம்பரப்படுத்துவதில் பயனில்லை. வாங்குவோரும் விலையோடு கைவண்ணத்தையும் மதித்தல் வேண்டும். இன்றேல் பெயர் பலகையில் எஞ்சும்; தொழில் நினைவில் மாத்திரமே எஞ்சும் என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.