செத்தும் கொடுக்கும் செல்: சாறேற்றச் சர்ச்சையிலிருந்து ஸ்மார்ட் பொருள்கள் வரை

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் போகிறவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடிக்காமல் திரும்புவது அரிது. மூட்டுவலிக்குக் கேட்கும் என்பது நம்பிக்கை. கிழங்கு என்று சொல்லி விற்றாலும் அது கிழங்கல்ல. பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் டிரைனேரியா குவர்சிஃபோலியா என்ற பெரணியின் தண்டு அது. 1753-இல் லின்னேயஸ் இதைப் பாலிபோடியம் பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். டிரைனேரியா என்ற பெயர் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. பழுப்பு ரோமத்தைச் சுரண்டிவிட்டுத் தண்டைக் குறுக்கே நறுக்கினால், சதையின் ஓரத்தையொட்டி வளையமாகச் சிறு புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாஸ்குலார் கற்றை. நடுவில் நீரைக் கடத்தும் சைலம், சுற்றிலும் உணவைக் கடத்தும் புளோயம். இந்த அமைப்பைத் தாவரவியலார் டிக்டியோஸ்டீல் என்பார்கள்.

அந்தப் புள்ளிகளுக்குள் நீரைச் சுமக்கும் செல்கள் எல்லாம் செத்தவை. சைலம் செல் தன் சுவரைத் தடிப்பாக்கி, உள்ளிருப்பதைக் கரைத்துவிட்டு, வெறுங்கூடான பிறகுதான் வேலைக்கே வருகிறது. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பதை இதற்கும் சொல்லலாம். தண்ணீரை மேலே ஏற்றுவது உயிருள்ள செல்லா, செத்த சுவரா என்ற சர்ச்சை பல பத்தாண்டுகள் நடந்தது. ஈரத்துக்கு ஏற்பத் தானே வளையும், திறக்கும், இழுக்கும் இன்றைய ஸ்மார்ட் பொருள்களுக்கு வழிவிட்டது அந்தச் சர்ச்சையின் தீர்ப்புதான் என்பது இக்கட்டுரையின் வாதம். உயிரே ஏற்றுகிறது என்று முடிந்திருந்தால் பொறியாளருக்கு அதில் நகலெடுக்க ஒன்றும் இருந்திராது.

தொடக்ககால வரலாறு பலரும் அறிந்தது. நெகமையா க்ரூ 1682-இல் தாவர உள்ளமைப்பை வரைந்து காட்டினார். ஸ்டீபன் ஹேல்ஸ் 1727-இல் சூரியகாந்தி இலைகள் வெளிவிடும் நீரை எடைபோட்டு அளந்தார். திருப்பம் 1891-இல் வந்தது. ஜெர்மானியரான எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் வெட்டிய மரங்களின் அடியை நச்சுக் கரைசலில் நிறுத்தினார். வழியிலிருந்த உயிருள்ள செல்களை நஞ்சு கொன்றுகொண்டே போனது. கரைசலோ நிற்காமல் உச்சிவரை ஏறியது.

அப்படியானால் ஏற்றுவது எது? 1894-இல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் ஒரு விடை சொன்னார்கள். இலையில் நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் கயிறுபோல மேலே இழுபடுகின்றன. இதுவே பிணைப்பு-இழுவிசைக் கொள்கை. காற்றின் அழுத்தம் தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டர்தான் தூக்கும். அதற்குமேல் ஏற வேண்டுமென்றால் நீர் அறுந்துபோகாமல் இழுவையைத் தாங்கியாக வேண்டும். தண்ணீரைப் பிடித்து இழுக்க முடியுமா என்று அன்றைய அறிஞர் பலர் சிரித்தார்கள்.

சிரிப்பை நிறுத்தியதில் பெரணிக்குப் பங்கு உண்டு. பெரணி இலையின் அடியில் காணும் துருநிறப் பொட்டுகள் ஸ்போர்ப்பைகளின் கூட்டம். ஒவ்வொரு பையின் முதுகிலும் பத்துப் பன்னிரண்டு செல்கள் வரிசையாக அமைந்த ஆனுலஸ் என்ற வளையம் இருக்கிறது. அந்தச் செல்களின் உட்சுவரும் பக்கச் சுவர்களும் தடித்தவை, வெளிச்சுவர் மெல்லியது. வெயிலில் உள்ளிருக்கும் நீர் குறையக் குறைய வெளிச்சுவர் உள்ளே குழிகிறது, பக்கச் சுவர்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, வளையம் பின்னோக்கி வளைந்து பை வாய் திறக்கிறது. ஒரு கட்டத்தில் இழுவை தாங்காமல் நீருக்குள் குமிழி வெடிக்க, வளையம் சடாரென்று பழைய நிலைக்குத் திரும்பி ஸ்போர்களை வீசுகிறது. 1915-இல் ஆட்டோ ரென்னரும் ஆல்ஃபிரட் உர்ஸ்ப்ரங்கும் தனித்தனியே இந்த வளையத்தைக் கொண்டே நீரின் தாங்குதிறனைக் கணித்தார்கள். கிடைத்த மதிப்பு 200, 300 வளிமண்டல அழுத்தம் என்ற அளவில் இருந்தது. மிக உயர்ந்த மரத்துக்குத் தேவையானது இதில் சிறு பங்குதான்.

இந்த இடத்தில் ஜகதீஷ் சந்திர போஸை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. 1917-இல் கல்கத்தாவில் தன் ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய போஸ், 1923-இல் சாறேற்றம் குறித்துத் தனி நூலே வெளியிட்டார். மின்முனையைத் தண்டுக்குள் சிறிது சிறிதாகச் செலுத்திப் பார்த்து, புறணியின் உள்ளடுக்கிலுள்ள உயிருள்ள செல்கள் துடிப்பதாகவும், அத்துடிப்பே சாற்றை ஏற்றுவதாகவும் சொன்னார். சாறேற்றத்தைப் பொறுத்தவரை அவர் தோற்றார். நம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூல் அவரது துடிப்புக் கொள்கையை இன்றும் பட்டியலிடுகிறது. ஆனால் மதிப்பெண் பிணைப்பு-இழுவிசைக்குத்தான். தாவரத்தின் உடலில் மின்சைகை ஓடுகிறது என்ற அவரது இன்னொரு கூற்று வேறு கதை. 1992-இல் தக்காளிச் செடியில் நடந்த ஆய்வும், 2013-இல் அராபிடாப்சிஸ் என்ற செடியில் நடந்த ஆய்வும் காயம்பட்ட இலையிலிருந்து மற்ற இலைகளுக்கு மின்சைகை போவதைக் காட்டின. உயிர்த்துடிப்பை அவர் தேடியது வீண் அல்ல என்பது என் கருத்து. தண்ணீர்க் குழாயில்தான் அதற்கு இடமில்லை.

அதன்பின் சான்றுகள் குவிந்தன. 1965-இல் ஸ்கோலாண்டர் குழுவினர் உயரமான டக்ளஸ் ஃபிர் மரங்களின் உச்சிக் கொப்புகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, அழுத்தக் கலத்தில் வைத்துச் சாற்றின் எதிரழுத்தத்தை அளந்தார்கள். மறு ஆண்டு மில்பர்னும் ஜான்சனும் வாடும் ஆமணக்கு இலைகளில் நீர்க்கயிறு அறுபடும்போது எழும் சொடுக்கொலிகளைக் கருவி வைத்துக் கேட்டார்கள்.

செத்த சுவர்தான் கருவி என்றால், அதைக் கட்டுவது யார்? இங்கே செல் உயிரியல் வருகிறது. 1980-இல் ஜப்பானில் ஃபுகுடாவும் கொமமினேயும் ஜின்னியாச் செடியின் இலைச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஹார்மோன் ஊட்டி வளர்த்தபோது, அவை நேராக சைலம் செல்களாக மாறின. 2005-இல் அந்த மாற்றத்தின் தலைமைச் சுவிட்சுகளில் ஒன்றான விஎன்டி7 மரபணு அடையாளம் காணப்பட்டது. செல்லுலோஸ் நெய்யும் நொதிகள், சவ்வுக்கடியில் ஓடும் நுண்குழல்களைத் தடமாகப் பிடித்து நகர்வதை 2006-இல் நேரடியாகவே படம்பிடித்தார்கள். நுண்குழல் எந்தச் சாய்வில் கிடக்கிறதோ அந்தச் சாய்வில் செல்லுலோஸ் இழை படிகிறது. சுவர் முடிந்ததும் நடுவிலுள்ள பெரிய வாக்குவோல் உடைந்து, அதன் நொதிகள் செல்லின் உள்ளடக்கத்தைச் செரித்துவிடுகின்றன. மிஞ்சுவது சுவரும், அதில் எழுதிவைத்த இழைச்சாய்வும்.

பொருளறிவியலாருக்கு அந்தச் சாய்வுதான் பிடிகொடுத்தது. ஈரம் பட்டால் சுவர் இழையின் நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்கே உப்பும். 1997-இல் டாசன், வின்சென்ட், ரோக்கா மூவரும் பைன் கூம்பின் செதிலை ஆராய்ந்தார்கள். கொடைக்கானலில் பொறுக்கிவந்த கூம்பைத் தண்ணீரில் போட்டால் மூடிக்கொள்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். செதிலின் வெளியடுக்குச் செல்களில் இழைச்சாய்வு ஏறத்தாழ 74 பாகை, உள்ளடுக்கு நார்களில் 30 பாகை. ஒன்று நீள, மற்றது நீளாமல் நிற்க, செதில் வளைகிறது. மரத்திலிருந்து உதிர்ந்து ஆண்டுகள் ஆனாலும் வளைகிறது. 2012-இல் அகிம் மெங்கஸ் இதே கொள்கையில் மெல்லிய மரத்தகடுகளைக் கொண்டு ஹைக்ரோஸ்கோப் என்ற அமைப்பைப் பாரிஸின் போம்பிடு மையத்தில் நிறுவினார். காற்றின் ஈரம் மாறினால் அது தானே திறக்கும், மூடும். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. 2016-இல் ஜெனிஃபர் லூயிஸ் குழுவினர் செல்லுலோஸ் இழை கலந்த ஹைட்ரோஜெல்லை அச்சிடும்போது முனையின் ஓட்டத்தால் இழைகளை ஒரே திசைக்குத் திருப்பினார்கள். நீரில் இட்டால் அச்சு பூப்போல மடிந்தது. செல்லில் நுண்குழல் செய்த வேலையை இங்கே அச்சு முனை செய்தது.

இழுவிசை வழியும் தனியே வளர்ந்தது. பெரணி வளையத்தைப் பார்த்து, நீர் ஆவியாவதால் அசையும் நுண்கருவியை 2006-இல் மிச்சிகனில் போர்னோ குழுவினர் செய்தார்கள். 2008-இல் கார்னெலில் வீலரும் ஸ்ட்ரூக்கும் மென் கான்டாக்ட் லென்ஸ் செய்யும் வகையைச் சேர்ந்த ஹைட்ரோஜெல்லில் நுண்கால்வாய் பதித்து, எதிரழுத்தத்தில் நீர் இழுக்கும் செயற்கை மரம் உருவாக்கினார்கள். அதன் தொடர்ச்சியாக, மரத்தண்டில் பொருத்தித் தண்ணீர்த் தேவையை அளக்கும் நுண் இழுவிசைமானிகள் இன்று தோட்டங்களுக்கு வந்திருக்கின்றன. 2012-இல் நோப்லின் குழுவினர் அதிவேகக் கேமராவால் வளையத்தின் வீச்சைப் பதிவுசெய்தபோது, ஸ்போர் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் பாய்வது தெரிந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட பாலிபோடியம் ஆரியம், முடவாட்டுக்காலின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

பைன் கூம்பு பற்றிய 1997-இன் விளக்கமும் முழுமையானதல்ல. 2022-இல் சீன ஆய்வாளர்கள் பைன் செதிலின் அசைவுக்குப் பெரும் காரணம் அதனுள் ஓடும் வாஸ்குலார் கற்றைகளே என்று காட்டினார்கள். சுருள்வில் போன்ற குழல்களும் சதுரக் குழல்களும் பக்கம் பக்கமாக இருப்பதும், அவற்றில் நீர் தங்கி மெல்ல வெளியேறுவதும் கூம்பை மிக மெதுவாக அசைக்கின்றன. அதைப் பின்பற்றி, கண்ணுக்கு அசைவே தெரியாத அளவு மெதுவாக நகரும் பொருளையும் செய்தார்கள். வேகத்தையே திறமையாக எண்ணிவந்த துறைக்கு இது நல்ல குட்டு.

ஸ்மார்ட் என்ற அடைமொழி எனக்கு உவப்பானதல்ல. அறிவு இருந்தது சுவரைக் கட்டிய செல்லில். சுவர் அதன் சொல்லை நிறைவேற்றுகிறது, அவ்வளவே. இந்தக் கண்ணோடு முடவாட்டுக்காலைப் பார்த்தால் தண்டைவிட இலை சுவையானது. இதற்கு இரண்டு வகை இலைகள். பச்சையிலை உணவு தயாரித்து, கோடையில் உதிரும். தண்டையொட்டியிருக்கும் கூட்டிலையோ சீக்கிரமே பழுப்பாகிச் செத்துவிடும். ஆனால் உதிராது. நரம்புக்கூடு விறைத்து நின்று, விழும் சருகைப் பிடித்து மக்கவைத்து வேருக்குத் தருகிறது. செத்த வாஸ்குலார் திசு ஒரு முழு உறுப்பாகவே வேலை செய்யும் இடம் அது. சூப்புக்காகத் தண்டைப் பெயர்த்தால் செடியே போய்விடும். ஆய்வுக்குக் காய்ந்த கூட்டிலையும், ஸ்போர் விட்ட பச்சையிலையின் ஒரு துண்டும் போதும். நாமக்கல், திருச்சி வட்டாரக் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே 1915-இன் சோதனைக்குத் தோதானது. முதிர்ந்த ஸ்போர்ப்பைகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு சொட்டு கிளிசரின் விட்டால், அது வளையச் செல்களின் நீரை உறிஞ்ச, பைகள் ஒவ்வொன்றாகத் திறந்து தெறிப்பதை மாணவர் கண்ணாலேயே காணலாம்.