மறதி நோயும் சுண்ணாம்புச் சத்தும்



உண்ட சோற்றை உண்ணவில்லை என்று சாதிக்கும் பாட்டிமாரை நம்மில் பலர் கண்டிருப்போம். "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்; சில வீடுகளில் ஏச்சும் விழுகிறது. பல வேளைகளில் இது வெறும் மூப்பன்று, மூளையைப் பற்றும் நோய். மருத்துவம் இதை அறிந்துகொண்ட வரலாற்றைக் காண்போம்.

1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனைக்கு ஆகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயது மாது அழைத்துவரப்பட்டார். தம் பெயரைக்கூட அவரால் எழுதி முடிக்க இயலவில்லை. அவரிடம் பொறுமையாகக் கேள்விகள் கேட்டு, விடைகளைக் குறித்துவைத்தவர் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர். 1906இல் அம்மாது இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, உயிரணுக்களுக்குள் முறுக்கிய நார்களும் வெளியே படிந்த கட்டிகளும் தென்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் முன் இதை விளக்கினார். கேள்வி கேட்பார் எவருமில்லை! 1910இல்தான் நோய்க்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அக்கட்டிகளில் இருப்பது அமிலாய்டு என்னும் புரதம். மாவுச்சத்தைப் போன்றது என்பது அச்சொல்லின் பொருள். பள்ளியில் பிள்ளைகள் சோற்றின்மீது அயோடின் சொட்டுவிட்டு நிறம் மாறுவதைப் பார்ப்பார்கள் அல்லவா? 1854இல் பிர்கோ என்னும் ஜெர்மானிய அறிஞர், உடலில் படிந்த ஒரு பொருளை அவ்வாறே சோதித்து, அதை மாவுச்சத்தின் இனம் என்று கருதினார். ஐந்தே ஆண்டுகளில் புரதம் என்பது தெரிந்துவிட்டது, பெயர்தான் மாறவில்லை.

சரி, இப்புரதத்தால் என்ன கெடுதல்? இங்கேதான் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், நுழைகிறது. 1880களில் இலண்டனில் டாக்டர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவைத்துப் பார்த்தார். குழாய்நீரில் உப்பைக் கரைத்தால் துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் அடங்கியது. குழாய்நீரில் கலந்திருந்த சுண்ணாம்புச் சத்தே காரணம். எலும்புக்கு மட்டும் உரியது என எண்ணியிருந்த பொருள், உயிரணுக்களுக்குச் செய்தி சொல்லும் தூதனாகவும் இருக்கிறது! மூளை உயிரணுவுக்கு வெளியே உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கே உள்ளே இருக்கும். உயிரணுவின் கதவுகள் கணப்பொழுது திறந்து மூட, சிறிதளவு உள்ளே வரும். நினைவு பதிவதற்கு அந்தச் சிறு வரவு தேவை.

1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள், செயற்கைச் சவ்வு ஒன்றில் அமிலாய்டு துளையிட்டுக் கால்சியத்தைப் புகவிடுவதைக் கண்டனர். மங்கில் உறைந்த கட்டிப்பாலைப் போன்ற பெரிய கட்டிகளைவிட, உறையத் தொடங்கும் சிறு திரள்களே கொடியவை எனப் பலர் கருதுகின்றனர். கால்சியம் அளவுமீறினால் செய்தி குழம்பும். நாளடைவில் உயிரணுவே மாளும். நோயின் மூலம் இதுவேதானா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை.

அமிலாய்டைக் குறைக்கும் லெக்கானிமாப் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி வழங்கியது. தொடக்க நிலையிலுள்ளோருக்கு அது நோயின் வேகத்தைச் சற்றே தணிக்கிறது. போன நினைவை மீட்டுத் தருவதில்லை.